மைனோ: ஓர் அரிய இத்தாலியக் குடும்பப்பெயர் எங்கே முளைத்தது, இன்று எங்கே இருக்கிறது

சோனியா காந்தியின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர் மைனோ (Maino). அந்தப் பெயரின் வேர் என்ன, இன்றைய இத்தாலியில் அது எவ்வளவு பரவலாக இருக்கிறது, மைனோக்கள் எல்லோரும் ஒரே வம்சத்தாரா என்பது கேள்வி.

நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடலாம். மைனோ என்பது ஊரைக் குறித்த பெயரும் அல்ல, தொழிலைக் குறித்த பெயரும் அல்ல. அது ஓர் ஆளின் பெயர். இடைக்காலத்தில் வட இத்தாலியில் ஆண் பிள்ளைகளுக்கு மைனோ என்று பெயர் வைப்பது வழக்கத்தில் இருந்தது. அப்படிப் பெயர் வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் ‘மைனோ வீட்டார்’ என்று அழைக்கப்பட்டு, நாளடைவில் அதுவே குடும்பப்பெயராகிவிட்டது. இது மிலான் பக்கம் ஒரு தடவையும் வெனெட்டோ மாநிலத்து விசென்ஸா மலைப்பகுதியில் இன்னொரு தடவையும் தனித்தனியாக நடந்திருக்கிறது. எனவே ஒரே வம்சம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்றைய பரவலைப் பொறுத்தவரை, நாட்டளவில் இது அரிய பெயர். ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி போல எந்த ஊருக்குப் போனாலும் எதிர்ப்படுகிற பெயர் அல்ல. வடக்கே லொம்பார்டி, வெனெட்டோ, பீட்மாண்ட் ஆகிய மூன்று மாநிலங்களில்தான் பெரும்பாலும் இருக்கிறது. தெற்கே போகப் போக அருகிவிடும். ஆனால் அரிது என்ற சொல் நாட்டுக்குத்தான் பொருந்தும். சில மலைக் குக்கிராமங்களில் வரிசையாக எல்லா வீடும் மைனோ வீடாகவே இருந்திருக்கிறது.

வேரைப் பார்ப்போம். பழைய ஜெர்மானிய மொழிகளில் வலிமையைக் குறிக்கும் ‘மாகின்’ என்ற சொல் பல ஆட்பெயர்களில் முன்பாதியாக வரும். அதோடு ‘உறுதி’ என்று பொருள்படும் ‘ஹார்ட்’ சேர்ந்தால் மாகின்ஹார்ட். அதுதான் ஜெர்மன் மொழியில் மைன்ஹார்ட் ஆகவும் இத்தாலியனில் மைனார்டோ ஆகவும் மாறியது. நடுவில் இருந்த ‘கி’ ஒலி தேய்ந்து ‘இ’ ஆகி, முன்னால் உள்ள ‘ஆ’வோடு சேர்ந்து ‘ஐ’ ஆகிவிடுகிறது. இந்த நீண்ட பெயர்களை வீட்டில் சுருக்கி அழைத்ததில் பிறந்ததுதான் மைனோ. இத்தாலியில் இன்றுள்ள மைனார்டி, மைனேரி, மைனெட்டி, மைனி ஆகிய குடும்பப்பெயர்கள் எல்லாம் இதே வேரின் கிளைகள். அதாவது சொல்லளவில் உறவு. இரத்த உறவு என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது.

ஜெர்மானிய வேர் என்றதும் பலர் அடுத்த அடியை அவசரமாக வைத்துவிடுகிறார்கள். சோனியா காந்தி பிறந்த லூசியானா என்ற ஊர் அசியாகோ மேட்டுநிலத்தைச் சேர்ந்தது. அங்கே முன்பு ‘சிம்ப்ரியன்’ என்ற பழைய பவேரிய ஜெர்மன் வழக்கு பேசப்பட்டது. லூசியானாவுக்கே அந்த மொழியில் ‘லூசான்’ என்று தனிப்பெயர் உண்டு. அசியாகோ, ரோவானா, ரொட்சோ, கால்லியோ, எனேகோ, ஃபோட்சா, லூசியானா ஆகிய ஏழு ஊர்களும் 1310 முதல் 1807 வரை தமக்கென்று ஓர் ஆட்சிக்குழு வைத்திருந்தன. இவ்வளவும் உண்மை. ஆனால் ‘ஆகவே மைனோ சிம்ப்ரியன் பெயர், ஆகவே ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம்’ என்பது தானாகப் பின்தொடராது. லாங்கோபார்டுகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இத்தாலிக்குள் வந்தது 568-இல். இன்னொரு ஜெர்மானிய இனத்தாரான ஃபிராங்குகள் அவர்களை வென்றது 774-இல். அதற்குப் பிந்தைய சில நூற்றாண்டுகளில் சாதாரண இத்தாலியர்களே தம் பிள்ளைகளுக்கு ஜெர்மானியப் பெயர்களைச் சகஜமாக வைத்தார்கள். கரிபால்டி என்ற பெயரும் அப்படி வந்ததுதான்; அதை வைத்து கரிபால்டியை யாரும் ஜெர்மானியர் என்பதில்லை. சிம்ப்ரியன் பேசியவர்கள் மலையேறி வந்தது இவற்றுக்கெல்லாம் மிகவும் பிந்தி. சிம்ப்ரியன் வாடையே படாத மிலானிலும் மைனோ இருப்பதால், பெயரை விளக்க அந்த மொழி தேவையே இல்லை. ஜெர்மனியின் மைன் ஆற்றோடு இணைப்பவர்களும் உண்டு. அந்த ஆற்றுக்கு இத்தாலியனில் பெயர் ‘மேனோ’. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

மிலான் பக்கத்து மைனோக்கள் ஆவணங்களில் முந்திவிடுகிறார்கள். பணமும் பதவியும் இருந்த குடும்பம் எங்கேயும் அதிகம் எழுதப்படும், அவ்வளவுதான். அங்கே பெயர் ‘டெல் மைனோ’ என்று வரும். மைனோவின் வழிவந்தவர் என்று பொருள். மிலானின் கோமகன் ஃபிலிப்போ மரியா விஸ்கோந்தியின் காதலி அக்னேசே டெல் மைனோ. அவர்களுடைய மகள் பியாங்கா மரியா 1425-இல் பிறந்து, 1441-இல் ஃபிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவை மணந்தார். ஸ்ஃபோர்சா வம்சம் மிலானை ஆள வந்த வழி அதுதான். சட்ட அறிஞர் ஜாசோனே டெல் மைனோ 1435-இல் பேசாரோவில் பிறந்து பவியாவில் புகழோடு கற்பித்தவர். மரச்சிற்பி ஜொவான்னி ஆஞ்செலோ டெல் மைனோவும் பவியாவைச் சேர்ந்தவரே. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹுவான் பவுதிஸ்தா மைனோ 1581-இல் பிறந்தது பஸ்த்ரானாவில் என்றாலும், தந்தை மிலான்காரர். பீட்மாண்டில் அலெஸ்சாண்ட்ரியாவை அடுத்த ஸ்பினெட்டாவில், நெப்போலியன் காலத்துக் கொள்ளைக்காரன் ஒருவன் ‘மைனோ டெல்லா ஸ்பினெட்டா’ என்ற பெயரில் பேர்போனவன், 1806-இல் இறந்தான். அவன் பெயரை ஆவணங்களில் ‘இ’ ஒலிக்கு ‘y’ எழுத்தைப் போட்டு (Mayno) எழுதியிருப்பார்கள், ஓவியர் பெயரையும் சில இடங்களில் அப்படித்தான். நவீன இத்தாலிய எழுத்தில் அந்த எழுத்து வழக்கொழிந்துவிட்டதால், ஒரே பெயருக்கு இரண்டு எழுத்துவடிவம் கிடைக்கும். தேடும்போது இரண்டையும் போட வேண்டும்.

இந்தப் பெயர்பெற்ற ஆட்களால் ஒரு தொல்லை உண்டு. குலச்சின்னம் அச்சடித்து விற்கும் கடைகள், மைனோ என்று யார் கேட்டாலும் டெல் மைனோ குடும்பத்தின் சின்னத்தைச் சட்டம்போட்டுக் கொடுத்துவிடும். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது, பெயருக்கு உரியது அல்ல. இத்தாலியக் குடியரசின் 1948 அரசியலமைப்பு பிரபுப் பட்டங்களை அங்கீகரிப்பதே இல்லை. விசென்ஸா மலையில் பால்மாடு வளர்த்த குடும்பத்துக்கும் மிலான் அரண்மனைக்கும் இடையே கோடு போட ஆவணம் வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பது ஆவணம் ஆகாது.

இனி லூசியானா. அமெரிக்க மாநிலம் அல்ல. தமிழில் இரண்டும் ஒரே எழுத்து. தேடுபொறிகளும் இத்தாலிய ஊரைத் தட்டினால் ‘எழுத்துப்பிழை’ என்று நினைத்து அமெரிக்காவுக்கு அனுப்பிவிடும். விசென்ஸா மாவட்டம் என்று சேர்த்துத் தேடுங்கள். இன்னொன்று: 2019 பிப்ரவரி 20 முதல் இந்த ஊராட்சி பக்கத்து ஊரான கோன்கோவோடு இணைந்து ‘லூசியானா கோன்கோ’ ஆகிவிட்டது. பழைய தரவுகளில் லூசியானா தனியாக இருக்கும், புதியவற்றில் இருக்காது. இரண்டு காலத்துத் தரவை ஒப்பிடும்போது கோன்கோவையும் பழைய கணக்கில் சேர்த்துக்கொள்ளாவிட்டால், பெயரின் அடர்த்தி திடீரென்று குறைந்ததுபோல் ஒரு பொய்த்தோற்றம் வரும்.

சோனியா காந்தி 1946 டிசம்பர் 9 அன்று பிறந்த குக்கிராமத்தின் பெயர் மைனி. ‘மைனி என்ற ஊரிலிருந்து மைனோ என்ற குடும்பப்பெயர் வந்தது’ என்று எழுதுகிறவர்கள் குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுகிறார்கள். விசென்ஸா மலைச்சரிவில் வீடுகள் ஒரே ஊராகக் கூடியிருக்காது. பத்துப் பதினைந்து வீடுகள் கொண்ட சிறு கொத்துகளாகச் சிதறிக் கிடக்கும். அவற்றுக்கு ‘கோன்ட்ரா’ என்று பெயர். யார் குடும்பம் அங்கே கால்நடையோடு குடியேறியதோ, அந்தக் குடும்பப்பெயரின் பன்மையே கோன்ட்ராவின் பெயராகிவிடும். மைனோவின் பன்மை மைனி, அதாவது ‘மைனோ வீட்டார் இருக்கும் இடம்’. குடும்பப்பெயர் முந்தியது, இடப்பெயர் பிந்தியது. ஊர்ப்பெயரிலிருந்து வந்த இத்தாலியக் குடும்பப்பெயர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு என்பதால், திசை எது என்பதை ஒவ்வொன்றுக்கும் தனியாகச் சோதிக்க வேண்டும். சோதனை எளிது. இடப்பெயர் பன்மையாக இருந்து, அந்த இடம் ஒரு சிறு வீட்டுக்கொத்து மட்டுமே என்றால், பெரும்பாலும் குடும்பமே முதல். இடம் பழைய பெரிய ஊராக இருந்து, குடும்பம் அந்த ஊருக்கு வெளியே மட்டும் காணப்பட்டால், ஊரே முதல். ஒருவர் ஊரைவிட்டு வெளியேறிய பிறகுதானே ‘இன்ன ஊர்க்காரர்’ என்ற பெயர் அவருக்கு ஒட்டும்!

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன.

இத்தாலியப் புள்ளியியல் நிறுவனமான இஸ்தாட், பிறக்கும் குழந்தைகளுக்கு வைக்கும் முதற்பெயர்களின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. குடும்பப்பெயர்களுக்கு அப்படியொரு பொதுப்பட்டியலை அது தருவதில்லை. எல்லா ஊராட்சிகளின் மக்கள் பதிவேடும் 2022 தொடக்கத்தில் ஒரே தேசியப் பதிவகத்துக்குள் வந்துவிட்டன. ஆனால் அதில் தன் சான்றிதழை ஒருவர் எடுக்கலாமே தவிர, ஒரு குடும்பப்பெயரைக் கொடுத்து ‘எத்தனை பேர்’ என்று வெளியார் கேட்க முடியாது. எனவே இணையத்தில் கிடைக்கிற குடும்பப்பெயர் வரைபடங்களில் பெரும்பாலானவை பழைய தொலைபேசி அட்டவணைகளை வைத்து வரையப்பட்டவை. அவை எண்ணுவது ஆட்களை அல்ல, வீட்டுத் தொலைபேசி இணைப்புகளை.

இணைப்பிலிருந்து ஆட்களுக்கு வருவது இப்படி. கணக்குப் புரிவதற்காக மட்டும் ஒரு பெயருக்கு 400 இணைப்பு என்று வைத்துக்கொள்வோம் (இது மைனோவின் எண் அல்ல). 2001 வாக்கில் இத்தாலிய வீட்டின் சராசரி அளவு சுமார் 2.6 பேர். பெருக்கினால் 1,040. அட்டவணையில் இல்லாத வீடுகள் ஐந்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 0.8 ஆல் வகுக்க, 1,300. உடனே ஒரு ஆட்சேபம் வரும்: இத்தாலியில் பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் தந்தை வழிக் குடும்பப்பெயரையே வைத்திருக்கிறார்கள், 1975 குடும்பச் சட்டப்படி கணவர் பெயர் கூடுதலாகச் சேர்கிறது, தன் பெயர் போவதில்லை. அப்படியென்றால் மைனோ வீட்டு மனைவி மைனோ அல்ல, அவரையும் சேர்த்து 2.6 ஆல் பெருக்கலாமா? பெருக்கலாம். அந்த மனைவி இந்தக் கணக்கில் தவறாக நுழைவதுபோல, வேறு வீட்டுக்கு மணமாகிப் போன மைனோ பெண் இந்தக் கணக்கிலிருந்து தவறாக வெளியேறுகிறார். பெரிய எண்ணிக்கையில் இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடும். ஒரு கோன்ட்ராவில் உள்ள 12 வீட்டை மட்டும் வைத்துச் செய்தால் ஈடாகாது. அதனால் இந்தப் பெருக்கலை மாநில அளவுக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்.

இதையே இன்றைய அட்டவணையை வைத்துச் செய்தால் விடை அபத்தமாக வரும். கைப்பேசி எண்கள் பெரும்பாலும் அட்டவணையில் வருவதில்லை. தரைவழி இணைப்பு வைத்திருப்பவர்களில் முதியவர்களே அதிகம். ஆகவே 1990-களின் அட்டவணையோடு இன்றையதை ஒப்பிட்டு ‘இந்தப் பெயர் பாதியாகக் குறைந்துவிட்டது’ என்று சொல்வது, குறைந்தது தொலைபேசியா குடும்பமா என்று பாராமல் சொல்வது. எந்த வரைபடத்தையும் பயன்படுத்துமுன் அதன் தரவு எந்த ஆண்டுடையது என்று பாருங்கள். ஆண்டு போடாத வரைபடத்தை ஒதுக்கிவிடலாம்.

உலகளாவிய எண்ணிக்கை தருகிற தளங்கள் இன்னும் மோசம். அவை எழுத்துகளை எண்ணும், பெயர்களை எண்ணாது. மைனோ என்ற அதே எழுத்துக்கூட்டல் ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூகினிக்கும் இடையே உள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளிலும் உண்டு. தூடு தீவின் தலைவர் ஒருவர் பெயரே மைனோ. ஐரோப்பியத் தொடர்பு எதுவும் இல்லாத உள்ளூர்ப் பெயர் அது. மைனி என்று தேடினால் இந்தியா முதலிடத்துக்கு வந்துவிடும்: பஞ்சாபில் கத்ரி சமூகத்தாரிடம் மைனி என்ற குடும்பப்பெயர் இருக்கிறது. சோனியா காந்தியின் கோன்ட்ரா பெயரும் பஞ்சாபிப் பெயரும் ஒன்றாக ஒலிப்பதைப் பார்த்து வாட்ஸ்அப்பில் ஒரு ‘வரலாறு’ கிளம்பாமல் இருப்பதே அதிசயம். இங்கிலாந்துக் கால்பந்து வீரர் கோபி மைனூ கானா நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்தவர்; அதுவும் வேறு. நாடு வாரியாகப் பிரித்துப் பார்க்காமல், மொத்த எண்ணை எடுத்து எழுதுவது இதனால்தான் ஆபத்து.

சரி, நம்பத்தக்க பரவல் எங்கே கிடைக்கும்? முதல் உலகப்போரில் இறந்த இத்தாலிய வீரர்களின் அதிகாரபூர்வப் பட்டியல், ‘ஆல்போ தோரோ’. 28 தொகுதிகள், சுமார் 5,29,000 பெயர்கள், இப்போது இணையத்தில் குடும்பப்பெயரைக் கொடுத்தே தேடலாம். ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊரும் பிறந்த தேதியும் இருக்கும். இவர்களில் பெரும்பாலோர் 1870-களின் நடுவிலிருந்து 1900-க்குள் பிறந்தவர்கள். இத்தாலியின் பெரிய உள்நாட்டு இடப்பெயர்ச்சி இரண்டாம் உலகப்போருக்குப் பிறகுதான் நடந்தது. மலைக் கிராமங்களிலிருந்தும் தெற்கிலிருந்தும் மக்கள் துரின், மிலான் ஆலைகளுக்குப் போனது 1950-களிலும் 60-களிலும். அதற்கு முந்தைய நிலையைக் காட்டுவதால், ஒரு பெயரின் பழைய மையங்களைக் கண்டுபிடிக்க இந்தப் பட்டியலைப்போல் கைக்கெட்டும் கருவி வேறில்லை. மைனோ என்று தேடி, வரும் பெயர்களைப் பிறந்த ஊர் வாரியாக அடுக்குங்கள். ஒரே ஊரிலோ அடுத்தடுத்த ஊர்களிலோ மூன்று நான்கு பேர் வந்தால் அது மையம். ஒருவர் மட்டும் வரும் ஊர்களை இப்போதைக்கு விட்டுவிடலாம். அந்த இளைஞர்கள் கட்டாய ராணுவ சேவையில் போனவர்கள் என்பதால் ஏழை, பணக்காரர் என்ற சாய்வு குறைவு. ஆண்கள் மட்டும் என்பது குறைதான், ஆனால் குடும்பப்பெயர் தந்தை வழியே போனதால் இந்த வேலைக்கு அது தடையில்லை.

இதை இன்றைய வரைபடத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் துரின் புரியும். சோனியா காந்தியின் குடும்பமே லூசியானாவிலிருந்து துரினை அடுத்த ஒர்பஸ்ஸானோவுக்குக் குடிபெயர்ந்தது. அவர் வளர்ந்தது அங்கேதான். இன்றைய துரின் வட்டாரத்து மைனோக்களில் இப்படி வெனெட்டோவிலிருந்து வந்தவர்களும் இருப்பார்கள், அலெஸ்சாண்ட்ரியா பக்கத்துப் பழைய பீட்மாண்ட் மைனோக்களும் இருப்பார்கள். தொலைபேசி வரைபடம் இருவரையும் ஒரே புள்ளியாகக் காட்டி, ‘பீட்மாண்ட் மைனோக்களின் தாயகம்’ என்று சொல்ல வைக்கும். எனவே எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஊர் மக்கள்தொகையில் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். எட்டு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள துரினில் 60 வீடு என்றால் அது தூசு. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள மலையூரில் 30 வீடு என்றால் அதுதான் ஊற்று. (இந்த இரண்டு எண்ணும் உதாரணத்துக்காக.)

மையம் தெரிந்த பிறகு பதிவேடுகளுக்குப் போகலாம். வெனெட்டோவில் காலவரிசை கொஞ்சம் குழப்பம். இத்தாலி முழுவதற்குமான குடிமைப் பதிவு 1866 தொடக்கத்தில் வந்தது. வெனெட்டோ அப்போது ஆஸ்திரியா கையில் இருந்ததால் அங்கே 1871 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. அதற்கு முன் நெப்போலியன் ஆட்சியில் 1806 முதல் 1815 வரை ஒரு குறுகிய காலம் குடிமைப் பதிவு இருந்தது. நடுவே ஆஸ்திரியா காலத்தில் பங்குத்தந்தைகளே (ஊர்க் கத்தோலிக்கக் கோவிலின் குருக்களே) பிறப்பு, திருமணம், இறப்புகளைப் பதிந்தார்கள். எனவே 1840-இல் பிறந்த ஒருவரை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் வரும். கோவிலில் கேட்க வேண்டும். திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகளைக் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் கட்டாயமாக்கியது; இறப்புப் பதிவேடு 1614-க்குப் பிறகு. சாதாரண மக்களின் குடும்பப்பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறாமல் நிலைத்ததற்கு இந்தப் பதிவேடுகள் பெரிய காரணம். அதற்கும் முந்திப் போக வேண்டுமானால் விசென்ஸா அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ள நோட்டரிப் பத்திரங்கள்தான் வழி: நிலம் விற்றது, சீதனம் கொடுத்தது, மேய்ச்சல் குத்தகை.

அரசு காப்பகங்களின் ‘அன்தெனாத்தி’ இணையவாசலில் குடிமைப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். எழுபது ஆண்டு ஆகாத பதிவுகளின் முழு நகல் சம்பந்தப்பட்டவருக்கும், சட்டப்படியான சொந்தத் தேவையைக் காட்டுபவருக்கும் மட்டுமே கிடைக்கும் என்பதால், பொதுவில் இருப்பது பழையவைதான். கட்டாய ராணுவ சேவைப் பட்டியல்களை விட்டுவிடாதீர்கள். அவை பிறந்த ஊரையும் பெற்றோர் பெயரையும் ஒரே வரியில் தரும்.

கோவில் பதிவேடு எங்கே என்பதில் ஒரு பொறி இருக்கிறது. லூசியானா விசென்ஸா மாவட்டம்; ஆனால் அசியாகோ மேட்டுநிலம் பதுவை மறைமாவட்டத்தை, அதாவது பதுவை ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபை எல்லையை, சேர்ந்தது. விசென்ஸா ஆயர் இல்லத்துக்கு எழுதினால் பதில் வராது, வந்தாலும் ‘எங்களிடம் இல்லை’ என்றுதான் வரும். தமிழர்களுக்கு நெருக்கமான உதாரணமே இருக்கிறது. வீரமாமுனிவரின் குடும்பப்பெயரான பெஸ்கியும் அரிய பெயர்தான். அவர் 1680-இல் பிறந்த காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே இன்று மாந்துவா மாவட்டம். அங்கேயே பிறந்த புனித ஞானப்பிரகாசியார் (அலோய்சியுஸ் கொன்சாகா) காலத்தில் அது பிரெஷியா மறைமாவட்டம். நம் காலத்திலும் பெர்கமோ ஆயர் ஒருவர் பெஸ்கி. அவர் பிறந்தது பிரெஷியா. மாவட்ட எல்லையை மட்டும் பார்த்து மாந்துவாவில் தேடுகிறவர் பாதி வழியிலேயே நின்றுவிடுவார். எந்தப் பெயராக இருந்தாலும் முதலில் அந்தப் பங்கு அந்தக் காலத்தில் எந்த மறைமாவட்டம் என்று பாருங்கள்.

பதிவேட்டைத் திறந்தால் இலத்தீன். பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இது. மைனோ இலத்தீனில் ‘மைனுஸ்’ ஆகும். ‘அந்தோனியோ மைனோவின் மகன்’ என்று எழுதும்போது வேற்றுமை உருபு ஏறி ‘அந்தோனியி மைனி’ என்று வரும். இதைப் பார்த்து ‘1650-இல் இவர்கள் மைனி, 1720-இல் மைனோவாக மாறிவிட்டார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். மாறவே இல்லை; இலக்கணம்தான். ‘தே மைனிஸ்’ என்று வந்தாலும் அதே குடும்பம். அப்பா பெயருக்கு முன்னால் ‘க்வோந்தாம்’ என்ற சொல்லோ அதன் சுருக்கமோ இருந்தால் அவர் அப்போது உயிரோடு இல்லை என்று பொருள். இறந்த ஆண்டைக் குறுக்க இது நல்ல துப்பு. ஜொவான்னி பத்திஸ்தா போன்ற இரட்டைப் பெயர்களைச் சுருக்கித்தான் எழுதியிருப்பார்கள்.

கையெழுத்தில் மைனோவுக்குப் பகைவர்கள் அதிகம். பழைய எழுத்தில் ‘இ’, ‘ந’, ‘உ’, ‘ம’ ஆகிய ஒலிகளுக்கான உரோமன் எழுத்துகள் எல்லாம் ஒரே மாதிரிக் குத்துக்கோடுகள். மைனோவை மௌரோ என்றும் மரியோ என்றும் மானியோ என்றும் படித்துத் தட்டச்சு செய்திருப்பார்கள். கணினி அட்டவணையில் தேடும்போது முதல் இரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் வைத்துக்கொண்டு, நடுவில் நட்சத்திரக்குறி போட்டுத் தேடுங்கள். வெனெட்டோ பேச்சில் ‘ந’ ஒலிக்குப் பின் வரும் கடைசி உயிர் விழுந்துவிடும் வழக்கம் உண்டு (மரீன், திரெவிசான் என்ற பெயர்களெல்லாம் அப்படித்தான் முடிகின்றன), அதனால் ‘மைன்’ என்ற வடிவத்தையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

ஒரே கோன்ட்ராவில் எல்லோரும் மைனோ, அதிலும் பாதிப் பேர் அந்தோனியோ என்றால் யாரை யார் என்று பிரிப்பது? ஊர்க்காரர்களே இதற்கு வழி வைத்திருந்தார்கள்: வீட்டுப் பட்டப்பெயர். வெனெட்டோவில் குடும்பப்பெயருக்குப் பின் ‘தெத்தோ’, அதாவது ‘எனப்படும்’, என்று போட்டு அதை எழுதுவார்கள். கியோஜா நகரில் போஸ்கோலோ, தியோட்சோ என்ற இரண்டு குடும்பப்பெயர்கள் அளவுகடந்து பெருகியதால், பட்டப்பெயர் அரசு ஆவணத்திலேயே ஏறிவிட்டது. மலையூர்ப் பதிவேட்டில் பட்டப்பெயரைக் குறித்துக்கொள்ளாமல் வம்சக்கொடி வரைந்தால், இரண்டு அந்தோனியோக்கள் ஒருவராகி, எட்டு வயதில் தந்தையானவர்கள் கிடைப்பார்கள். மைனோ மைனோவை மணந்த திருமணங்களில் இன்னொரு உதவியும் உண்டு. திருச்சபை நான்காம் தலைமுறை வரை உறவுத் திருமணத்தைத் தடுத்திருந்தது. விதிவிலக்கு வாங்க, மணமக்கள் இருவரும் எந்தப் பாட்டனில் சேர்கிறார்கள் என்று வம்சப்படம் போட்டு மறைமாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தாள்கள் மறைமாவட்டக் காப்பகத்தில் தனிக்கட்டாக இருக்கும். அன்றைய பங்குத்தந்தை போட்டுக்கொடுத்த வம்சக்கொடியைவிட நம்பகமானது எது?

காப்பகத்துக்கு எழுதும்போது இத்தாலியனில் எழுதுங்கள். முழுப்பெயர், தந்தை பெயர், பங்கு, ஐந்து ஆண்டுக்கு மிகாத காலவரம்பு, இவ்வளவும் ஒரே கடிதத்தில். ‘மைனோ குடும்பத்தின் வரலாறு அனைத்தும் வேண்டும்’ என்ற கடிதங்களுக்குப் பதில் வருவதில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. நேரில் போவதாக இருந்தால் முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ள வேண்டும். மலைப்பங்குகளில் ஒரே பங்குத்தந்தை பல ஊர்களைக் கவனிப்பதால், பதிவேட்டுப் பெட்டியின் சாவி பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும்.

இனி வரும் ஆண்டுகளில் எண்ணிக்கைக் கணக்கே மாறப்போகிறது. குழந்தைக்குத் தானாகத் தந்தையின் குடும்பப்பெயர் மட்டும் சேரும் விதியை இத்தாலிய அரசியலமைப்பு நீதிமன்றம் 2022-இல், அந்த ஆண்டின் 131-ஆம் எண் தீர்ப்பில் நீக்கிவிட்டது. இப்போது பெற்றோர் ஒன்றுபட்டு ஒரே பெயரைத் தேர்ந்தால் தவிர, இருவர் பெயரும் அவர்கள் ஒத்துக்கொள்ளும் வரிசையில் சேரும். அரிய பெயர்களுக்கு இது ஆதாயம். மகள்கள் மட்டுமே பிறந்த வீட்டோடு முடிந்துபோயிருக்கும் பெயர், இனி அவர்களுடைய பிள்ளைகளிடமும் தொடர முடியும். எண்ணுகிறவருக்குத்தான் தலைவலி: இரண்டாவது இடத்தில் வரும் மைனோவை முதலெழுத்து வரிசையில் தேடும் எந்தப் பட்டியலும் காட்டாது. 2022-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெயரின் இரண்டாம் பகுதியையும் தனியாகத் தேடி எண்ண வேண்டும்.